குன்னூர் எலிகளும் பெரியம்மாவின் இழுப்பும்

235, 230, 225, 200, 185, 180, 155.

இது என்னன்னு கண்டுபிடிங்க பாக்கலாம். ஏதோ டெஸ்ட் மேட்ச் ஸ்கோர்னு நினைச்சா தப்பு. எலிகளோட சராசரி எடை, கிராம் கணக்குல. சீக்கியர் சாப்பாடு போட்டு வளர்த்த எலி 235. பட்டாணியர் சாப்பாடு 230. மராட்டியர் 225, கூர்க்கா 200, கன்னடர் 185, வங்காளி 180. கடைசி பெஞ்சுல 155 கிராமோட, எலும்பும் தோலுமா உக்காந்திருக்கறது நம்ம மதராசி எலி. அவ்வ்வ்.

இந்த எடையெல்லாம் எங்க ஊர்ல போட்டது. எங்க ஊர்னா குன்னூர். சிம்ஸ் பார்க் பக்கத்துல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்னு ஒரு பழைய கட்டடம் இருக்கு, டூர் வந்தவங்க பாத்திருப்பீங்க. நாய்க்கடி மருந்து அங்கதான்னு சின்ன வயசுல இருந்தே தெரியும். 1907-ல ஆரம்பிச்சது. ஆனா அதே வளாகத்துல, ஒரே ஒரு ரூம்ல, இந்தியாவோட சாப்பாட்டு ஆராய்ச்சியே பொறந்துச்சுன்னு எனக்குத் தெரிய வந்தது இன்ஜினியரிங் முடிச்சு பெங்களூர்ல ஆணி பிடுங்க ஆரம்பிச்ச பிறகுதான். ஊருக்குள்ள இருக்கறவரைக்கும் ஊர் தெரியாதுன்னு சொல்றது சரிதான் போல.

இந்தப் பதிவு எலியைப் பத்தியும், எடையைப் பத்தியும், ஆஸ்துமாவைப் பத்தியும். மூணுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க, கொஞ்சம் பொறுமையா கூட வாங்க.

எலி எடை பாத்தவர் பேர் ராபர்ட் மெக்காரிசன். 1878-ல வட அயர்லாந்துல பொறந்தவர், இந்திய மருத்துவப் பணியில சேந்து வடமேற்கு எல்லைக்குப் போனவர். கில்கிட் பக்கம் மலைக் கிராமங்கள்ல நிறைய பேருக்குக் கழுத்துல கழலை. அது எதனாலன்னு பாக்க, அந்த ஊர்த் தண்ணியில இருந்த வண்டலைத் தானும் குடிச்சுப் பாத்து, மத்தவங்களையும் குடிக்க வெச்ச ஆளு! தைராய்டு சுரப்பியைப் பத்தி 1917-ல ஒரு புத்தகமே போட்டார். அதாவது குன்னூருக்கு வரும்போதே அவர் ஒரு ஹார்மோன் ஆசாமி. இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்குங்க.

1918-ல பாஸ்டர் இன்ஸ்டிடியூட்ல ஒரு ரூம் கொடுத்து பெரிபெரி நோயை ஆராயச் சொன்னாங்க. தீட்டின அரிசியை மட்டுமே தின்னா வர்ற நோய் அது. மெக்காரிசன் புறாக்களுக்கு வெறும் தீட்டின அரிசியைப் போட்டுப் பாத்தார். புறா நோவுல விழுந்துச்சு, அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அவர் அதோட நிக்கல. செத்த புறாவை அறுத்து ஒவ்வொரு உறுப்பையும் தராசுல வெச்சார். தைமஸ், மண்ணீரல், கணையம், விரை, சூலகம் எல்லாம் சுருங்கிப்போயிருந்துச்சு. ஆனா சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கற அட்ரினல் சுரப்பி மட்டும் சுருங்காம பெருத்திருந்துச்சு. அதுக்குள்ள இருந்த அட்ரினலின் அளவும் கூடியிருந்துச்சு. 1921-ல இதையெல்லாம் தொகுத்துப் புத்தகமா கொண்டுவந்தார்.

சாப்பாடு மாறினா சுரப்பிகள் மாறும். இன்னைக்கு இது சாதாரணமா தெரியலாம். 'வைட்டமின்'ங்கற வார்த்தையே 1912-ல வந்தது, 'ஹார்மோன்'ங்கற வார்த்தை 1905-ல வந்தது. ரெண்டும் இன்னும் பால்குடி மாறாத காலத்துல, குன்னூர்ல ஒரு ரூம்ல உக்காந்து ரெண்டையும் முடிச்சுப் போட்டுப் பாத்திருக்கார் மனுஷன்.

அப்புறம் நம்ம அரசாங்கங்கள் எப்பவும் பண்றதைத்தான் அன்னைக்கு வெள்ளைக்கார அரசாங்கமும் பண்ணுச்சு. 1923-ல இஞ்ச்கேப் கமிட்டி செலவைக் குறைன்னு சொல்ல, இவர் ஆராய்ச்சிக்கு வெட்டு விழுந்துச்சு. (நம்ம கம்பெனியில பெஞ்சுல உக்கார வெக்கறாங்களே, அந்த மாதிரி.) 1925-ல திரும்ப உயிர் வந்துச்சு. 1928-ல அது முழு நியூட்ரிஷன் ரிசர்ச் லேபரட்டரி ஆச்சு, மெக்காரிசன் முதல் டைரக்டர். எலிகள் வந்தது இந்த ரெண்டாவது இன்னிங்ஸ்லதான். இந்தியாவோட ஒவ்வொரு பகுதி மக்கள் சாப்பிடற சாப்பாட்டையும் எலிக்குப் போட்டு எடை பாத்தார். சீக்கியர் தட்டுல முழுக் கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி. மதராசி தட்டுல தீட்டின அரிசிச் சோறு, மத்ததெல்லாம் கொஞ்சம் கொஞ்சம்.

எடை மட்டும் இல்லை. நல்ல சாப்பாடு போட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை ரெண்டு வருஷத்துக்கு மேல பாத்துட்டு, அதுல நோய்னு ஒண்ணுமே காணோம்னு எழுதினார். மோசமான சாப்பாடு போட்ட எலிகளை அறுத்துப் பாத்தா நோய்ப் பட்டியல் நீண்டுக்கிட்டே போகுது. அதுல நுரையீரல் நோய்களுக்கு ஒரு தனி இடம்: நிமோனியா, மூச்சுக்குழல் அழற்சி, நுரையீரல் உறை அழற்சி. 1936-ல லண்டன்ல பேசின சொற்பொழிவுகள்ல இந்தப் பட்டியலையே வாசிச்சார்.

மெக்காரிசன் ஆஸ்துமாவை ஆராயல. குண்டு உடம்பையும் ஆராயல. அவர் காலத்து இந்தியாவுல பிரச்சினை பசி. அதனால அவர் தராசு ஒரே ஒரு பாஷைதான் பேசுச்சு: முள் எவ்வளவு மேல போகுதோ அவ்வளவு நல்லது. 235 ஜெயிச்சது, 155 தோத்தது. அந்தக் காலத்துக்கு அது நூத்துக்கு நூறு சரி. ஆனா அந்தத் தராசு பாஷை நம்ம மண்டையில அப்படியே உறைஞ்சுபோச்சுங்கறதுதான் விஷயம். இன்னைக்கும் ஊருக்குப் போனா முதல் விசாரிப்பே "என்ன கண்ணு, இளைச்சுப்போயிட்ட"தானே? யாராவது குண்டானா "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கே"ம்பாங்க.

இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, ஆஸ்துமா பக்கம் போவோம். ஏன்னா அந்த அட்ரினல் சுரப்பி அங்கயும் வருது.

ஆஸ்துமான்னா வெளியில இருந்து வர்ற வம்புன்னுதான் ரொம்ப காலமா எல்லாரும் நினைச்சாங்க. பனி, புகை, தூசி, காத்து. ஊட்டியே அப்படிப் பொறந்த ஊர்தான். ஜான் சல்லிவன் 1819-ல மலையேறினப்புறம், சமவெளியில காய்ச்சல்ல விழுந்த வெள்ளைக்காரங்க உடம்பு தேத்திக்க வர்ற இடமா ஆச்சு. ராபர்ட் பெய்க்கின்னு ஒரு டாக்டர், இந்த மலைக் காத்து ஐரோப்பிய உடம்பை என்ன பண்ணும்னு 1834-லயே ஒரு புத்தகம் போட்டுட்டார். காத்து மாறினா உடம்பு மாறும்ங்கறது அந்தக் காலத்து நம்பிக்கை.

மருந்தும் வெளியில இருந்துதான். இதுல நம்ம மெட்ராஸுக்கு ஒரு பெருமை உண்டு. மெட்ராஸ்ல தலைமை டாக்டரா இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இழுப்புக்கு ஊமத்தையைப் புகைக்கற நம்ம நாட்டு வைத்தியத்தைப் பாத்து அதையே சிபாரிசு பண்ணினார். ஜெனரல் ஜென்ட்ங்கறவர் 1802-ல அதை பிரிட்டனுக்குக் கொண்டு போனார். அப்புறம் நூறு வருஷத்துக்கு மேல ஐரோப்பா முழுக்க 'ஆஸ்துமா சிகரெட்' பத்த வெச்சாங்க. காமெடி இல்லைங்க, நிஜம். ஊமத்தையில இருக்கற அட்ரோபின் வகைச் சரக்குல இருந்துதான் பிற்பாடு இப்ராட்ரோபியம் மாதிரி இன்ஹேலர் மருந்தெல்லாம் வந்துச்சு. டீக்கும் இதுல பங்கு உண்டு. 1888-ல ஜெர்மனியில ஆல்பிரெக்ட் கோசெல் தேயிலையில இருந்து தியோஃபிலின்னு ஒண்ணைப் பிரிச்செடுத்தார், அது பிற்பாடு ஆஸ்துமா மாத்திரை ஆச்சு. (உடனே நாலு டம்ளர் டீ குடிச்சா சரியாயிடும்னு கிளம்பிடாதீங்க. டீயில இருக்கறது துளியூண்டு. குன்னூர்க்காரன் நானே சொல்றேன்.)

ஹார்மோன் உள்ளே வந்தது 1900-ல. அமெரிக்காவுல சாலமன் சோலிஸ்-கோஹன்ங்கற டாக்டர், அட்ரினல் சுரப்பியோட சாறை ஆஸ்துமாக்காரங்களுக்குக் கொடுத்துப் பாத்தார். 1901-ல ஜப்பான்காரர் டகமினே சுத்தமான அட்ரினலினைப் பிரிச்செடுத்தார். 1903-ல புல்லோவா, கப்லான்னு ரெண்டு பேர் அதை ஊசியா போட்டாங்க. நிமிஷத்துல இழுப்பு விட்டுச்சு. இன்னைக்கு நாம அடிச்சுக்கற சால்பியூட்டமால் அட்ரினலினோட பேரன், 1969-ல வந்தது.

அட்ரினலின் அந்தச் சுரப்பியோட உள்பகுதி தர்றது. வெளிப்பகுதி கொடுக்கறது கார்டிசால் குடும்பம். 1948 செப்டம்பர்ல மேயோ கிளினிக்ல பிலிப் ஹெஞ்ச், மூட்டுவாதத்துல முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் ஊசி போட்டார். சில நாள்ல அவங்க எழுந்து நடந்தாங்க. 1950-ல ஹெஞ்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூணு பேருக்கும் நோபல் பரிசு. ஆஸ்துமாக்காரங்களுக்கும் சீக்கிரமே கொடுத்துப் பாத்தாங்க. கடுமையான இழுப்புக்கு கார்டிசோன் நிஜமாவே கேக்குதுன்னு 1956-ல பிரிட்டன்ல முறையான சோதனை நடத்தி நிரூபிச்சாங்க.

ஆக, குன்னூர்ல பசியில பெருத்த அதே சுரப்பியோட ரெண்டு பகுதியும் ஆஸ்துமாவுக்கு ரெண்டு பெரிய மருந்தைக் கொடுத்திருக்கு.

ஆனா ஸ்டீராய்டுக்கு ஒரு விலை இருந்துச்சு. மாசக்கணக்குல மாத்திரையா முழுங்கினவங்களுக்கு முகம் நிலா மாதிரி உப்புச்சு. வயித்துல கொழுப்பு சேந்துச்சு, சர்க்கரை ஏறுச்சு, எலும்பு தேஞ்சுச்சு. 1972-ல பெக்லோமெத்தசோன் இன்ஹேலர் வந்தப்பதான் விடிவு. மருந்து நேரா நுரையீரலுக்குப் போகும், மைக்ரோகிராம் அளவு போதும்.

இந்த இடத்துல எங்க பெரியம்மா கதையைச் சொல்லணும். கொசுவர்த்தி சுத்தறேன், பொறுத்துக்குங்க.

பெரியம்மாவுக்கு 47 வயசுல முதல் தடவை இழுப்பு வந்துச்சு. சின்ன வயசுல ஒண்ணும் கிடையாது. தூசி, மகரந்தம், பூனை, எதுவும் ஒத்துக்காம போனதில்லை. பனிக்காலத்துல அதிகாலையில எஸ்டேட் லைன் வழியா நடந்து ஃபேக்டரி வேலைக்குப் போனவங்க. வீட்டுல எல்லாரும் சொன்னது: "பனிதான். வயசாச்சுல்ல, இந்த ஊர்ப் பனி இனி ஒத்துக்காது." பெரியம்மா மட்டும்தான் வேற ஒண்ணு சொன்னாங்க. "மாசம் ஒழுங்கில்லாம போனதுல இருந்துதான் கண்ணு இது." அதை யாரும் காதுல வாங்கல. அஞ்சு வருஷத்துல எடை 58-ல இருந்து 74 கிலோ ஆயிருந்ததையும் யாரும் கணக்குல எடுக்கல. அதான் லட்சணமாச்சே!

டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். பெரியம்மா ரெண்டு வாரம் அடிச்சாங்க. அப்புறம் யாரோ சொல்லியிருக்காங்க, அதுல ஸ்டீராய்டு இருக்கு, உடம்பு வெக்கும், ஒருதடவை பழகினா விடவே முடியாதுன்னு. அலமாரிக்குள்ள போட்டுட்டாங்க. "பெரீம்மா, நீங்க பம்பு அடிக்கிறீங்களா இல்லையா?"ன்னு போன்ல கேட்டா, "இப்ப அதெல்லாம் வேணாம் கண்ணு, மெடிக்கல்ல சின்ன வெள்ளை மாத்திரை தர்றாங்க, ரெண்டு போட்டா அரை நாள்ல விட்டுருது"ன்னாங்க. அட்டையை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொன்னேன். பாத்தா பிரட்னிசலோன்.

அதாவது ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலரை விட்டுட்டு ஸ்டீராய்டையே முழுங்கிட்டு இருந்திருக்காங்க. கணக்கைப் பாருங்க. இன்ஹேலர் ஒரு அழுத்துக்கு 200 மைக்ரோகிராம். மாத்திரை ரெண்டு போட்டா 20 மில்லிகிராம், அதாவது 20,000 மைக்ரோகிராம், உடம்பு முழுக்க. (ரெண்டும் ஒரே மருந்து இல்லை, நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது, இருந்தாலும் வித்தியாசம் புரியுதுல்ல?) மாத்திரை போட்டா பசி எடுக்கும், எடை ஏறும். எடை ஏறினா இழுப்பு கூடும். இழுப்பு கூடினா இன்னொரு அட்டை. எங்க தொழில் பாஷையில இதுக்குப் பேர் இன்ஃபினிட் லூப். வெளிய வர்ற கண்டிஷனே எழுதாம விட்ட கோடு.

எடை ஏறினா இழுப்பு கூடும்னு எழுதிட்டேன். அது எப்படித் தெரிஞ்சுச்சுங்கற கதை ரொம்பப் பழசு இல்லை. அளவா சாப்பிடச் சொல்லி பன்னிரண்டாம் நூற்றாண்டுலயே மைமோனிடிஸ் தன் ஆஸ்துமா புத்தகத்துல ஒரு இளவரசனுக்கு அறிவுரை எழுதியிருக்கார், அது வேற விஷயம். கணக்கு போட்டுக் காட்டினது 1999-ல. அமெரிக்காவுல 85,911 நர்ஸுகளை, 26 முதல் 46 வயசு வரைக்கும் உள்ளவங்களை, நாலு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க. பி.எம்.ஐ. 30-ஐத் தாண்டினவங்களுக்குப் புதுசா ஆஸ்துமா வர்ற வாய்ப்பு, ஒல்லியா இருந்தவங்களை விட 2.7 மடங்கு. ஆஸ்துமா வந்து ஓடியாட முடியாம குண்டாயிருப்பாங்கன்னு அதுவரைக்கும் சொல்லிட்டு இருந்தாங்க. இங்க எடை முதல்ல, இழுப்பு பின்னால. 2007-ல ஏழு ஆய்வுகளைச் சேத்து, 3,33,102 பேரை வெச்சுப் பாத்தப்பவும் அதே திசைதான்: எடை கூடக் கூட வாய்ப்பு கூடுது, ஆண்களுக்கும் பெண்களுக்கும்.

நம்ம நாட்டுக்கணக்கும் உண்டு. 1998-99 தேசியக் குடும்பநல ஆய்வுல சேகரிச்ச பெண்களோட எடை, உயரத்தை வெச்சு வினோத் மிஸ்ரா 2004-ல ஒரு கட்டுரை போட்டார். குண்டான இந்தியப் பெண்கள்கிட்ட ஆஸ்துமா தெளிவா கூடுதல். அடுப்புப் புகை மாதிரி மத்த காரணங்களைக் கழிச்ச பிறகும்.

சரி, கொழுப்பு எப்படி மூச்சுக்குழாயைப் பிடிக்குது? ஒரு காரணம் வெறும் மெக்கானிக்ஸ். வயித்துக் கொழுப்பு உதரவிதானத்தை மேல தள்ளுது. நாம மூச்சை விட்ட பிறகும் நுரையீரல்ல கொஞ்சம் காத்து மிச்சம் இருக்கணும், அதுதான் குழாய்களை உள்ளிருந்து இழுத்துத் திறந்து வெக்குது. அந்த மிச்சம் குறைஞ்சா குழாய் சுருங்கறது ரொம்ப சுலபம். பாதி ஊதின பலூன் மாதிரின்னு வெச்சுக்குங்க.

ரெண்டாவது காரணம்தான் எனக்கு மெக்காரிசனை ஞாபகப்படுத்துச்சு. கொழுப்புங்கறது சும்மா கிடக்கற மூட்டை இல்லை, அதுவே ஒரு சுரப்பி. 1994-ல ஜெஃப்ரி ஃப்ரீட்மேன் குழு லெப்டின் ஹார்மோனைக் கண்டுபிடிச்சப்பதான் இது உறைச்சுச்சு. லெப்டின் வர்றதே கொழுப்புல இருந்துதான். கொழுப்பு கூடக் கூட லெப்டின் கூடுது, அழற்சியைத் தூண்டற சமாச்சாரங்கள் கூடுது, அழற்சியை அடக்கற அடிப்போனெக்டின் குறையுது. ரத்தத்துல இன்டர்லூகின்-6 அதிகமா இருக்கற ஆஸ்துமாக்காரங்க, எடை, சர்க்கரை, ரத்த அழுத்தத்தோட ஒரு தனிக் கூட்டமா இருக்காங்கன்னு 2016-ல அமெரிக்காவுல காட்டினாங்க. 2019-ல ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல, இறந்துபோன 52 பேரோட நுரையீரலை மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க. மூச்சுக்குழாய்ச் சுவத்துக்குள்ளயே கொழுப்பு! பி.எம்.ஐ. கூடக் கூட அதுவும் கூடியிருந்துச்சு.

மூணாவது, பெண் ஹார்மோன்கள். சின்ன வயசுல ஆஸ்துமா பையன்களுக்குத்தான் அதிகம். பருவம் வந்ததும் அப்படியே தலைகீழாகி, பெண்கள் முந்திடறாங்க. மாதவிடாய்க்கு முந்தின நாட்கள்ல இழுப்பு கூடறதா நிறைய பெண்கள் சொல்வாங்க. 1931-லயே அமெரிக்க டாக்டர் ராபர்ட் ஃபிராங்க் அப்படி ஒருத்தரைப் பத்தி எழுதியிருக்கார். ஆனா அந்தக் காலத்துல ஆஸ்துமாவையே பாதி மனசு சம்பந்தப்பட்ட நோய்னு சொல்லிட்டு இருந்தாங்க. பொம்பளை சொன்னா, கேக்கவே வேணாம், 'நரம்புத் தளர்ச்சி'ன்னு முடிச்சிருவாங்க. 1995-ல அதே அமெரிக்க நர்ஸுகள் வகை ஆய்வு ஒண்ணுல, மாதவிடாய் நின்ன பிறகு ஈஸ்ட்ரோஜன் மாத்திரை எடுத்தவங்களுக்கு ஆஸ்துமா வாய்ப்பு கூடுதல்னு தெரிஞ்சுச்சு. பின்னால வந்த ஆய்வுகள் எல்லாம் ஒத்துப்போகல, இன்னும் சண்டை நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் உறுதி: மாதவிடாய் நின்ன பிறகு ஒரு பெண் உடம்புல ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் தயாராகற இடம் கொழுப்புத் திசுதான். அப்ப எடையும் ஹார்மோனும் ரெண்டு தனிக் காரணமா, ஒண்ணுதானா? பிரிச்சுப் பாக்கறதே கஷ்டம்.

பெரியம்மா சொன்னதை இப்ப திரும்பப் படிங்க.

2008-ல இங்கிலாந்துல லெஸ்டர்ல ஒரு குழு பண்ணின வேலை நம்ம மென்பொருள் மக்களுக்குப் பிடிக்கும். ஆஸ்துமாக்காரங்களோட விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டர்ல போட்டு கிளஸ்டர் அனாலிசிஸ் பண்ணினாங்க. அதே கே-மீன்ஸ்தான், நாம கஸ்டமர்களைப் பிரிக்கறோமே அது. நோயாளிகள் தனித்தனிக் கொத்தா பிரிஞ்சாங்க. அதுல ஒரு கொத்து: பெரும்பாலும் பெண்கள், குண்டானவங்க, பெரியவங்களான பிறகு நோய் வந்தவங்க, சளியில அலர்ஜி அணுக்கள் அதிகம் இல்லாதவங்க, ஆனா அவஸ்தை மட்டும் ரொம்ப அதிகம். படிச்சப்ப எனக்கு எங்க வீட்டு ரேஷன் கார்டைப் படிக்கற மாதிரி இருந்துச்சு.

இந்தக் கொத்துல இன்ஹேலர் ஸ்டீராய்டு மத்தவங்க அளவுக்கு நல்லா கேக்கறதில்லைங்கறதும் உண்மை. அதுக்காக நிறுத்தலாம்னு அர்த்தம் இல்லை. நிறுத்தினா இன்னும் மோசம். டாக்டர்கள் சொல்றது, அதைத் தொடர்ந்துக்கிட்டே எடையையும் குறைக்கணும்னு. உடல் எடையில 5 முதல் 10 சதவீதம் குறைஞ்சாலே பலருக்கு நல்ல வித்தியாசம் தெரியுது. வயித்து ஆபரேஷன் பண்ணி நிறைய எடை குறைச்சவங்களுக்கு மூச்சுக்குழாய் சட்டுன்னு சுருங்கற குணமே தணிஞ்சிருக்கு. 2025-ல இந்தியாவுக்கு வந்த எடைக்குறைப்பு ஊசிகளும் குடல் ஹார்மோனைப் போலி பண்றவைதான். அட்ரினலின், கார்டிசோன் வரிசையில இது மூணாவது ஹார்மோன் மருந்தா வந்து நிக்குமான்னு ஆராய்ச்சி போயிட்டு இருக்கு.

நடுவுல ஒரு சந்தேகம் எனக்கும் இருந்துச்சு. குண்டானவங்களுக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும்ல, அதைப்போய் ஆஸ்துமான்னு எழுதிடறாங்களோ? 2008-ல கனடாவுல இதைச் சோதிச்சாங்க. டாக்டர் ஆஸ்துமான்னு சொன்னவங்களைத் திரும்பப் பரிசோதிச்சா, குண்டானவங்கள்ல 31.8 சதவீதம் பேருக்கு ஆஸ்துமாவே இல்லை. ஆஹா, மாட்டிக்கிச்சுன்னு நினைச்சேன். ஆனா ஒல்லியானவங்கள்லயும் 28.7 சதவீதம் பேருக்கு இல்லை! அதாவது தப்பு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே அளவு, எடை மேல பழி போட முடியாது. அதுக்குத்தான் ஸ்பைரோமெட்ரின்னு ஒரு ஊதற சோதனை இருக்கு. பெரியம்மாவுக்கு முதல் மூணு வருஷம் யாரும் அதை எடுக்கவே இல்லை. போன வருஷம் கோயம்புத்தூர் கூட்டிட்டுப் போய் எடுத்தோம். ஆஸ்துமாதான். பிரட்னிசலோனை டாக்டர் படிப்படியா குறைச்சு நிறுத்தினார். (திடீர்னு விடக் கூடாது. வெளியில இருந்து வந்துக்கிட்டே இருந்தா நம்ம சொந்த அட்ரினல் தூங்கிடும், எழுப்ப நாள் ஆகும்.) இப்ப காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு அழுத்து, அடிச்சதும் வாய் கொப்புளிக்கணும். எடை 74-ல இருந்து 69. "என்னடி இப்படி இளைச்சுட்ட, சுகர் வந்துருச்சா?"ன்னு கேக்க ஊர்ல ஆள் இருக்கத்தான் இருக்கு.

மெக்காரிசன் 1935-ல ஓய்வு பெற்றார். அடுத்து வந்த அய்க்ராய்டு, 1937-ல இந்திய உணவுகளோட சத்துக் கணக்கைச் சின்னப் புத்தகமா போட்டார். இன்னைக்கு உங்க மொபைல் ஆப் இட்லிக்கு இத்தனை கலோரின்னு காட்டுதே, அந்தக் கணக்குக்கெல்லாம் அதுதான் தாத்தா. சேலத்துல பொறந்த சி. கோபாலனும் குன்னூர்ல வேலை பாத்தவர்தான். 1958-ல லேபரட்டரி ஹைதராபாத்துக்கு மாறிப்போச்சு. 1969-ல பேரும் மாறி, தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆச்சு. எங்க ஊருக்கு மிஞ்சினது நாய்க்கடி மருந்தும் தடுப்பூசியும்.

அந்த நிறுவனம் 2024 மே மாசம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டியைப் புதுசா வெளியிட்டுச்சு. நாட்டோட மொத்த நோய்ச் சுமையில 56.4 சதவீதத்துக்கு மோசமான சாப்பாடுதான் காரணம்னு அதுல சொல்றாங்க. வயித்துக் கொழுப்பைத் தவிர்க்கச் சொல்லி அதுல தனி அறிவுரையே இருக்கு. 155 கிராம் எலியைப் பாத்துக் கவலைப்பட்ட அதே நிறுவனம்! 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வுப்படி தமிழ்நாட்டுப் பெண்கள்ல 40.4 சதவீதம் பேர் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டினவங்க. அதுக்கு முந்தின ஆய்வுல 30.9. ஆண்கள் 37 சதவீதம். அகில இந்தியக் கணக்குல பெண்கள் 24 சதவீதம்தான். இந்தியர்களுக்கு 23-லயே ஆபத்து ஆரம்பிக்குதுன்னு டாக்டர்கள் சொல்றாங்க, அப்படிப் பாத்தா இன்னும் மோசம். மதராசி எலி கடைசி பெஞ்சுல இருந்து முதல் பெஞ்சுக்கு வந்துருச்சு.

இதுல வேடிக்கை என்னன்னா, தட்டு பெருசா மாறல. அன்னைக்கு மெக்காரிசன் குறை சொன்ன அதே தீட்டின வெள்ளைச் சோறுதான் மேட்டர். அன்னைக்கு அது அரை வயிறு, இன்னைக்கு முழு வயிறு. எஸ்டேட் பக்கம் ஒரே வீட்டுல எடை குறைஞ்ச குழந்தையையும் எடை கூடின அம்மாவையும் சேத்துப் பாக்கலாம், ரெண்டு பேருக்கும் ஒரே குக்கர்ல இருந்துதான் சோறு. புறாவோட அட்ரினலை எடை போட்டுட்டு மெக்காரிசன் சொன்னது தட்டுல இருக்கறதைச் சுரப்பி கவனிச்சுக்கிட்டே இருக்குன்னு. குறைஞ்சா மட்டும் இல்லை, கூடினாலும் கவனிக்குதுங்கறதைக் கண்டுபிடிக்க அப்புறம் எழுபது எண்பது வருஷம் ஆச்சு.

டிஸ்கி: நான் சாஃப்ட்வேர் ஆள், டாக்டர் இல்லை. உங்க வீட்டுல யாருக்காவது நாப்பதுக்கு மேல இழுப்பு ஆரம்பிச்சிருந்தா, 'பனி'ன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி மாத்திரை அட்டையைத் திருப்பி மருந்துப் பேரைப் படிங்க, அப்புறம் ஊதற சோதனை எடுத்தாச்சான்னு கேளுங்க. பாஸ்டர் இன்ஸ்டிடியூட் கட்ட அமெரிக்கப் பணக்காரர் ஹென்றி ஃபிப்ஸ் நன்கொடை குடுத்த கதை தனியா ஒரு பதிவுக்குத் தேறும். ஆணி குறைஞ்சா அடுத்த வாரம்.